சென்னை ஏன் திருநின்றவூருக்கு வந்தது?



போன மாதம் வந்த கடிதங்களில் ஒன்று அம்பத்தூரிலிருந்து ஒரு வாசகி எழுதியது. “இரண்டு ரூம் வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். வருஷா வருஷம் வாடகை ஏறுகிறது. அட்வான்ஸையும் ஏற்றிக் கேட்கிறார்கள். திருநின்றவூரில் அரை கிரவுண்ட் மனை ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். ஸ்டேஷனிலிருந்து பத்தே நிமிடம் என்கிறார் புரோக்கர். வாங்கலாமா, வேண்டாமா?”

பத்து நிமிடம், சரி. எந்த வண்டியில் என்று கேட்டீர்களா அம்மா?

விளையாட்டுக்குச் சொன்னேன். இந்தக் கேள்வி நம் அலுவலகத்துக்குப் புதிதல்ல. பல வருஷமாக இதே கடிதம்தான் வந்துகொண்டிருக்கிறது. எழுதுகிறவர் பெயர் மாறும், ஊர் பெயர் மாறும். ஒரு காலத்தில் ‘கொரட்டூரில் மனை வாங்கலாமா’ என்று கேட்டார்கள். பிறகு அம்பத்தூர், அப்புறம் ஆவடி. இப்போது திருநின்றவூரும் வேப்பம்பட்டும். செவ்வாப்பேட்டை, புட்லூர் என்று கேட்கிறவர்களும் வந்துவிட்டார்கள். ரயில்வே டைம்டேபிளை மேலிருந்து கீழே வாசிக்கிற மாதிரி ஸ்டேஷன் ஸ்டேஷனாக மேற்கே நகர்ந்து போகிறது இந்தக் கேள்வி.

அதனால் இந்த மாதம் அந்த ஒரு மனையைப் பற்றி மட்டும் பேசாமல், அதற்குப் பின்னால் இருக்கிற விஷயத்தையும் கொஞ்சம் பேசலாம் என்று தோன்றியது. சென்னை ஏன் இப்படி வளர்கிறது? வளர்ந்தாலும் ஏன் மேற்கே நம் பக்கம் வருகிறது?

‘சிட்டி வளர்ந்துடுச்சு’ என்று சர்வ சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். மழை பெய்தது, வெயில் அடித்தது என்பது போல, யாரும் செய்யாமல் தானாக நடந்துவிட்ட காரியம் மாதிரி. அப்படி இல்லை. ஒவ்வொரு தெருவுக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் போட்ட கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை நிலமும் தண்ணீரும் கடலும் பாதி போட்டன. காசு மீதியைப் போட்டது.

முதல் கணக்கே விசித்திரமானது. 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஃபிரான்சிஸ் டே இந்தக் கடற்கரையைப் பிடித்தபோது இங்கே துறைமுகம் கிடையாது. இயற்கையான விரிகுடாவும் இல்லை. கப்பல் தூரத்தில் நிற்கும். மசூலாப் படகில் ஏறி, அலையில் நனைந்துதான் கரைக்கு வர வேண்டும். சாமானும் அப்படித்தான் வரும், பாதி நனைந்து. துறைமுகம் கட்ட இதைவிட மோசமான இடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்! பிறகு எதற்கு வந்தார்கள்? துணிக்காக. இந்தப் பக்கத்தில் பருத்தித் துணி மலிவாகக் கிடைத்தது. நெசவாளர்களும் சாயம் போடுகிறவர்களும் இருந்தார்கள். லாபம் இருந்ததால் அலையைப் பொறுத்துக்கொண்டார்கள்.

சென்னை பிறந்த கதையே இதுதான். இயற்கை ‘வேண்டாம்’ என்ற இடத்தில் காசு ‘பரவாயில்லை’ என்றது. அதன் பிறகும் இந்த ஊரில் பல தடவை அதேதான் நடந்திருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கிழக்கே கடல் என்பதால் ஊர் அந்தப் பக்கம் போக முடியாது. மிச்சம் மூன்று திசை. வடக்கே எண்ணூர் கழிமுகம், கொசஸ்தலையாறு, அதையும் தாண்டினால் பழவேற்காடு ஏரி. தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் குறுக்கே படுத்திருக்கிறது. (அதன் மேலேயும் ஏறி உட்கார்ந்துவிட்டோம் என்பது வேறு விஷயம்.) மேற்கே மலை இல்லை, பெரிய ஆறு இல்லை. சமதளம், வயல், ஏரி, மறுபடி வயல்.

மும்பையை நினைத்துப் பாருங்கள். ஒல்லியான தீவு. வடக்கைத் தவிர வேறு திசையே இல்லாததால் மாடி மேல் மாடியாக ஏறியது. அங்கே ஒரு சதுர அடி விற்கிற விலைக்கு நம் பக்கம் பல சதுர அடி வாங்கலாம். சென்னைக்கு அந்த நெருக்கடி வரவில்லை. கால் நீட்ட இடம் இருந்தது, நீட்டிவிட்டது.

எந்தப் பக்கம் நீட்டுவது என்பதை முடிவு செய்ததில் ரயிலுக்குப் பெரிய பங்கு. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை திறக்கப்பட்டது. நாம் தினமும் ஏறி இறங்குகிற பாதை அதன் வாரிசுதான். அதை நமக்காகப் போடவில்லை. ஆற்காடு பக்கத்துச் சரக்கும் மேற்கே உள்ள ஊர்களும் அவர்களுக்கு வேண்டியிருந்தன. நடுவில் ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர் எல்லாம் வழியில் அகப்பட்ட ஊர்கள். ஆனால் வழியில் அகப்பட்டதுதான் நம் தலையெழுத்தை மாற்றியது.

சுதந்திரத்துக்குப் பிறகு தொழிற்சாலை கட்ட இடம் தேடியவர்கள் எங்கே தேடுவார்கள்? ரயில் இருக்க வேண்டும், நிலம் மலிவாக இருக்க வேண்டும், துறைமுகமும் எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும். மூன்றும் இந்தப் பாதையில்தான் ஒன்றாகக் கிடைத்தன. 1955-ல் பெரம்பூரில் ரயில் பெட்டி தொழிற்சாலை திறந்தார்கள். அதே வருஷம் ஜனவரியில்தான் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணி சமுதாயம் என்ற தீர்மானம் போட்டது. தாத்தா பாட்டி இருக்கிற வீடுகளில் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். 1961-ல் ஆவடியில் கனரக வாகன தொழிற்சாலை. பாடியில் டி.வி.எஸ். குழுமத்து கம்பெனிகள். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிளும் டன்லப்பும். 1960-களில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் விரிந்த அம்பத்தூர் தொழிற்பேட்டையும் சேர்ந்துகொண்டது.

இங்கே ஒரு கேள்வி. பெரிய கம்பெனி வந்தது சரி. சின்ன சின்ன பட்டறைகள் ஏன் அத்தனையும் ஒரே இடத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார வேண்டும்? பத்து ஸ்டேஷன் தள்ளிப் போனால் நிலம் இன்னும் மலிவாயிற்றே?

தொழிற்பேட்டைக்குள் ஒரு முறை நடந்து பார்த்தால் இதற்குப் பதில் கிடைத்துவிடும். வண்டிக்குப் போகிற ஒரு சின்ன பின், விரல் நீளம்தான் இருக்கும். ஒரு ஷெட்டில் ராடை வெட்டுவார்கள். பக்கத்து ஷெட்டில் சி.என்.சி. லேத்தில் கடைந்து, இரண்டு தெரு தள்ளி மில்லிங்கில் பள்ளம் போடுவார்கள். பிளாஸ்டிக் கிரேட்டில் அடுக்கி டாடா ஏஸில் ஏற்றினால் ஹீட் ட்ரீட்மென்ட். அங்கிருந்து பிளேட்டிங். கடைசியில் இன்ஸ்பெக்‌ஷன் முடிந்து பாடிக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ கிளம்பும். அதற்குள் அந்தப் பின் நாலைந்து முதலாளிகளின் கையைப் பார்த்துவிடும்.

நடுவில் லேத்தில் வெட்டுகிற இன்சர்ட் ஒன்று உடைந்தால்? பையனை டூல் கடைக்கு அனுப்பினால் டீ ஆறுவதற்குள் வந்துவிடுவான். ஆப்பரேட்டர் வேலையை விட்டு நின்றுவிட்டால்? கேட்டில் ‘ஆட்கள் தேவை: வி.எம்.சி. ஆப்பரேட்டர், ஃபிட்டர், செட்டர்’ என்று ஒரு போர்டு தொங்கவிட்டால் சாயங்காலத்துக்குள் நாலு பேர் விசாரிப்பார்கள். வேலை தேடுகிறவருக்கும் அதே சௌகரியம். ஒரு இடத்தில் சம்பளம் சரிப்படவில்லை என்றால் எதிர் ஷெட்டில் கேட்கலாம், வீடு மாற்ற வேண்டாம், பிள்ளைகளின் ஸ்கூல் மாற்ற வேண்டாம்.

ஆல்ஃபிரட் மார்ஷல் என்ற பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் 1890-லேயே இதை விளக்கி எழுதியிருக்கிறார். ஒரே தொழில் செய்கிறவர்கள் ஒரே இடத்தில் கூடினால் ஆள், சாமான், தொழில் நுணுக்கம் மூன்றும் எல்லோருக்கும் சுலபமாகக் கிடைக்கும் என்றார். அவர் இங்கிலாந்து ஊர்களைப் பார்த்து எழுதினார். நம் தொழிற்பேட்டை டீக்கடைக்காரருக்கு இது புத்தகம் படிக்காமலே தெரியும்.

ஆக, பட்டறை நகராது. வேலை அங்கேயே இருக்கும். வேலை இருக்கிற இடத்துக்கு ஆள் வருவார்கள். விழுப்புரத்திலிருந்து வருவார்கள், திருவண்ணாமலையிலிருந்து வருவார்கள், இப்போது பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிறார்கள். ஆள் கூடினால் வாடகை ஏறும். ஏறிய வாடகை கட்டுப்படியாகாதவர் என்ன செய்வார்? வேலையை விட மாட்டார். வீட்டைத்தான் நகர்த்துவார், ரயில் போகிற திசையில்.

இதையும் ஒருவர் ரொம்ப நாளைக்கு முன்பே கணக்காகப் போட்டு வைத்திருக்கிறார். யோஹான் ஹைன்ரிஷ் ஃபான் த்யூனன், ஜெர்மனியில் ஒரு பண்ணைக்காரர். பொருளாதாரப் பேராசிரியர் இல்லை, நிலத்தில் நின்று விவசாயம் பார்த்தவர். நகரத்துக்குப் பக்கத்து நிலத்தில் பாலும் காய்கறியும், தள்ளிப் போகப் போக தானியம், அதற்கும் அப்பால் மேய்ச்சல் என்று ஏன் வட்டம் வட்டமாக அமைகிறது என்பதை 1826-ல் புத்தகமாக எழுதினார். சந்தைக்குக் கொண்டுபோகிற வண்டிச் செலவு கூடக்கூட நிலத்தின் மதிப்பு குறையும், அவ்வளவுதான் சூத்திரம். திருவள்ளூர் பக்கத்துக் கீரைக்கட்டும் பூக்கூடையும் விடியற்காலை லோக்கலில் ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். இப்போது கீரைக்குப் பதில் மனுஷர்கள் ஏறுகிறோம், அதுதான் வித்தியாசம்.

1979-ல் திருவள்ளூர் வரை மின்சார ரயில் ஓட ஆரம்பித்தபோது இந்த வட்டம் சட்டென்று பெரிதானது. திருநின்றவூரிலிருந்து சென்ட்ரலுக்கு சுமார் 30 கிலோமீட்டர். சாதாரண டிக்கெட் 10 ரூபாய். டீ குடித்தால்கூட அதைவிட அதிகம் ஆகிறது இன்றைக்கு! அந்தப் பத்து ரூபாய்தான் திருநின்றவூரைச் சென்னையோடு ஒட்டவைத்தது. ரோடு அகலமானதோ ஃபிளாட் கட்டியதோ பிறகு வந்த கதை. டோக்கியோவிலும் இதுதான் நடந்தது. சுற்றுவட்டாரத்தோடு சேர்த்து மூன்றரைக் கோடிக்கு மேல் ஜனங்கள், எல்லாம் ரயில் பாதைகளைப் பிடித்துக்கொண்டே பரவிய ஊர்.

சரி, வாசகியின் கணக்குக்கு வருவோம். ஒரு உதாரணத்துக்கு எண்களை நானே வைத்துக்கொள்கிறேன், உங்கள் எண்ணைப் போட்டு நீங்கள் மாற்றிக்கொள்ளலாம். அம்பத்தூரில் 14 ஆயிரம் வாடகை, அதே மாதிரி வீடு திருநின்றவூரில் 8 ஆயிரம் என்று வையுங்கள். மாதம் 6 ஆயிரம் மிச்சம். இதில் சீசன் டிக்கெட், ஸ்டேஷனில் வண்டி நிறுத்துகிற கட்டணம், ஷேர் ஆட்டோ, கேன் தண்ணீர் என்று 1,500 போனால் கையில் நிற்பது 4,500.

கணவன் மனைவி இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள். ஆளுக்கு தினம் ஒன்றரை மணி நேரம் கூடுதலாக வழியில் போகிறது. இரண்டு பேருக்கு மூன்று மணி. மாதம் 26 நாள் வேலை என்றால் 78 மணி நேரம். 4,500-ஐ 78-ஆல் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 58 ரூபாய்கூட வரவில்லை.

உங்கள் ஒரு மணி நேரத்தை அந்த விலைக்குக் கொடுப்பீர்களா?

கொடுக்க மாட்டோம் என்று சட்டென்று சொல்லிவிடுவோம். ஆனால் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். அதிலும் வீட்டுப் பெண்கள் கொடுக்கிற மணிநேரம் யார் கணக்கிலும் ஏறுவதே இல்லை. ஏழு மணி லோக்கலைப் பிடிக்க நாலரைக்கு எழுந்து, மூன்று டப்பா கட்டி, லேடீஸ் பெட்டியில் நின்றபடியே பூ கட்டி முடிக்கிறவர்களை எனக்குத் தெரியும். சாயங்காலம் அதே பெட்டியில் பீன்ஸ் ஆய்ந்துகொண்டு வருவார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் ‘ஏன் லேட்டு’ என்ற கேள்வி தயாராக நிற்கும். வாடகையில் மிச்சம் பிடித்த 6 ஆயிரத்தை உண்மையில் யார் சம்பாதித்தார்கள்?

இவ்வளவு சொல்லிவிட்டு, சொந்த வீடு வேண்டாம் என்று நான் எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். வாடகை சாகும்வரை ஓடும், இ.எம்.ஐ. என்றைக்காவது முடியும். பிள்ளைக்கு ஒரு விலாசம் கிடைக்கும். ‘சுவரில் ஆணி அடிக்காதே’ என்று சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். இதெல்லாம் கால்குலேட்டரில் வராது. மனசுக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டிக் கும்பாபிஷேகத்துக்கு நாளும் குறித்த பூசலார் நாயனாரின் ஊர் திருநின்றவூர். கடன் வாங்காமல் கட்டி முடித்த கட்டடம் இந்த ஊரில் அது ஒன்றாகத்தான் இருக்கும்! நமக்கு அந்த வசதி இல்லை. பேங்க்குக்குப் போக வேண்டும், பத்திரம் போட வேண்டும்.

அதனால் வாங்குங்கள். ஆனால் மலிவு என்று ஒரு நிலத்தைச் சொன்னால், அது ஏன் மலிவு என்று ஒரு தடவை கேளுங்கள்.

தூரம் ஒரு காரணம், அது நமக்குத் தெரியும். இன்னொரு காரணம் தண்ணீர். நம் திருவள்ளூர் மாவட்டத்தின் நிலத்தைச் சும்மா கிடந்த காலிமனை என்று நினைத்துவிடக் கூடாது. தொண்டை மண்டலமே ஏரிகளின் நாடு. வற்றாத ஆறு இல்லாத ஊர்க்காரர்கள், வடகிழக்குப் பருவமழையில் இரண்டு மூன்று மாதம் கொட்டுகிறதைப் பிடித்து வருஷம் முழுக்க வைத்துக்கொள்ள ஏரிக்குப் பின் ஏரியாக வெட்டி, கால்வாயால் கோத்து வைத்தார்கள். மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாகக் கீழ் ஏரிக்குப் போகும். ஏரியின் கீழே பாசன வயல். அந்த வயல்தான் இன்றைக்கு ‘நகர்’. நடுவில் இருந்த கால்வாய்தான் இன்றைக்கு ‘20 அடி ரோடு’.

திருநின்றவூர் ஏரியை, ஈசா ஏரி என்பார்களே, அதை ஒட்டிய தெருக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2021 மழையில் நாள்கணக்கில் முழங்கால் தண்ணீரில் நடந்தவர்கள் அவர்கள். ‘ஏரி வீட்டுக்குள் வந்துவிட்டது’ என்று டி.வி.யில் சொன்னார்கள். ஏரிக்கு எப்படி இருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்தால், புகார் அந்தப் பக்கத்திலிருந்தும் வரக்கூடும்.

வாங்கினவர்களை நான் குறை சொல்லவில்லை. ஐந்து வருஷம் சீட்டு கட்டி, நகையை வைத்து, வெயில் காலத்தில் வந்து பார்த்தவருக்கு அங்கே நவம்பரில் தண்ணீர் நிற்கும் என்று எப்படித் தெரியும்? விற்றவருக்குத் தெரியும். வரி போட்டவர்களுக்குத் தெரியும். கரண்ட் கனெக்‌ஷன் கொடுத்தவர்களுக்கும் தெரியும். கடைசியில் கட்டிலுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்துகிறவர் மட்டும் வாங்கினவர்.

மலிவுக்கு இன்னொரு காரணம் அங்கீகாரம். 2016 செப்டம்பரில் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது நினைவிருக்கும். நம் பக்கத்தில் எத்தனையோ கல்யாணச் செலவும் காலேஜ் ஃபீஸும் அந்த ஒரு உத்தரவில் சிக்கித் தவித்தன. மறு வருஷம் வரன்முறைத் திட்டம் வந்தது. அவசரத்துக்கு விற்க நினைத்தவர்கள் கட்டணம் கட்டி வரன்முறை செய்தார்கள். அதற்கு ஆன செலவையும் அலைச்சலையும் முதலில் ‘மலிவு விலை’ சொன்னவர் யாராவது பங்குபோட்டுக்கொண்டாரா?

ஆகவே அம்பத்தூர் வாசகிக்கு என் பதில் இதுதான். பட்டாவும் வில்லங்கச் சான்றும் எல்லோரும் பார்ப்பார்கள், நீங்களும் பாருங்கள். அதோடு சர்வே நம்பரைக் குறித்துக்கொண்டு புலப்படத்தை வாங்கிப் பாருங்கள். பக்கத்து சர்வே நம்பரில் ஏரி, கால்வாய், ஓடை என்று ஏதாவது இருக்கிறதா என்று வி.ஏ.ஓ. ஆபீஸில் கேளுங்கள். பிறகு புரோக்கர் இல்லாமல் ஒரு நாள் போய், அந்தத் தெருவின் பழைய டீக்கடையிலோ இஸ்திரி கடையிலோ நின்று, ‘2015-லயும் 2021-லயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் இங்க எதுவரைக்கும் தண்ணி வந்துச்சு’ என்று விசாரியுங்கள். சுவரில் கை வைத்தே காட்டுவார்கள். எந்த பிரோஷரிலும் இல்லாத விவரம் அது. முடிந்தால் மழை நாளில் போங்கள். புரோக்கர் அன்றைக்கு ஃபோன் எடுக்கவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

தண்ணீர் கூடிப்போன கதை இது. குறைந்துபோன கதை ஒன்றும் இருக்கிறது, அதுவும் நம் தண்டவாளத்தில் நடந்ததுதான்.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, சென்னை உலகச் செய்தியானது. அந்த ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து காவிரித் தண்ணீரை ஏற்றிக்கொண்டு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்தது. ஐம்பது வேகன், 25 லட்சம் லிட்டர். அரக்கோணம், திருவள்ளூர், திருநின்றவூர், ஆவடி என்று நம் ஸ்டேஷன்களைத் தாண்டித்தான் போனது. பிளாட்ஃபாரத்தில் கேன் தண்ணீரோடு நின்றவர்கள் நாம், எதிரே தண்ணீர் ரயில் நகரத்துக்குப் போகிறது! சென்னையின் ஒரு நாள் தேவை 80 கோடி லிட்டருக்கும் மேல். 25 லட்சம் என்பது அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதற்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ரயில் விட வேண்டியிருந்தது.

நான் முதலில் சொன்னேனே, இயற்கை ‘வேண்டாம்’ என்ற இடத்தில் காசு ‘பரவாயில்லை’ என்கிறது என்று. இதுவும் அதேதான். 1901-ல் சுமார் 5 லட்சம் ஜனங்கள் இருந்த ஊரில், 2011-ல் விரிவாக்கிய மாநகராட்சி எல்லைக்குள் 67 லட்சம் பேர். அத்தனை பேருக்கும் இந்த மண் தண்ணீர் தராது. அதனால் கண்டலேறிலிருந்து கால்வாயில் கிருஷ்ணா நீர், வீராணத்திலிருந்து குழாயில் தண்ணீர், மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல் நீரைக் குடிநீராக்குகிற ஆலை. 1944-ல் பூண்டி கட்டிய பிறகு சென்னைக்காகப் புதிதாக ஒரு நீர்த்தேக்கம் வந்தது 2020-ல், தேர்வாய் கண்டிகையில். நடுவில் 76 வருஷம்! அந்த இடைவெளியில் பூண்டி, தாமரைப்பாக்கம் பக்கத்து விவசாயக் கிணறுகளிலிருந்தெல்லாம் தண்ணீர் வாங்கி நகரத்துக்கு அனுப்பினார்கள். நம் மாவட்டத்துத் தண்ணீர் நகரத்துக்குப் போகிறது, நகரத்துக்கு இடம் போதாமல் வந்தவர்கள் நம் மாவட்டத்தில் கேன் வாங்கிக் குடிக்கிறோம். இதில் யார் யாருக்கு உபகாரம் செய்கிறார்கள் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

நகரம் வளர வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னாலும் கேட்காது. கிராமத்தில் கிடைக்காத வேலை, மகளுக்குக் கிடைக்காத காலேஜ், அவசரத்துக்குக் கிடைக்காத டாக்டர், இதற்காகத்தானே நாம் எல்லோரும் வந்தோம்? 2011 கணக்குப்படியே தமிழ்நாட்டில் ஏறக்குறைய பாதிப் பேர் நகர்ப்புறத்தில்தான் இருந்தார்கள். என் ஆதங்கம் வேறு. நகரம் ஒரு ஊருக்கு வரும்போது முதலில் வருவது மனை போர்டு. அடுத்து வீடு. அதற்கும் பின்னால் மெதுவாக ரோடு. சாக்கடையும் குடிநீர்க் குழாயும் கடைசியில், அதுவும் போராடினால். இந்த வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

இப்போது காற்று கொஞ்சம் மாறுகிறது. 2019-ல் ஆவடி மாநகராட்சியானது. 2021-ல் திருநின்றவூர் நகராட்சியானது. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் போகிற வெளிவட்டச் சாலை பக்கத்தில் நெமிலிச்சேரி வழியாகவே போகிறது. 2024 நவம்பரில் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பார்க் திறந்தார்கள். மெட்ரோ ரயிலைக் கோயம்பேட்டிலிருந்து பட்டாபிராம் வரை நீட்டுகிற திட்டமும் பேச்சில் இருக்கிறது. சென்னைப் பெருநகர எல்லையையே 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக்கி, அரக்கோணம் பக்கம் வரை கொண்டுபோய்விட்டார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது அந்த டைடல் பார்க்தான். கட்டடம் அழகு என்பதற்காக இல்லை. இத்தனை வருஷம் வேலை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம் என்று இருந்தது. வேலையும் வீட்டைத் தேடி மேற்கே வந்தால் நான் மேலே போட்ட 78 மணி நேரக் கணக்கு மாறும். வேப்பம்பட்டுப் பெண் பட்டாபிராமில் வேலைக்குப் போனால் இரண்டு ஸ்டேஷன் தாண்டி மூன்றாவதில் இறங்கிவிடலாம். ஆனால் ஒரு கட்டடத்தில் கம்பெனிகள் வந்து உட்கார்ந்துவிட்டால் மட்டும் போதாது. அம்பத்தூரில் பட்டறைக்குப் பக்கத்தில் டூல் கடையும் பிளேட்டிங்கும் முளைத்தது போல, இங்கேயும் சுற்றிச் சின்ன தொழில்கள் முளைக்க வேண்டும். அதற்கு இடம் விட வேண்டும். இருக்கிற இடத்தையெல்லாம் இப்போதே மனை போட்டு விற்றுத் தீர்த்துவிட்டால் எங்கே முளைக்கும்?

இன்னொன்றும் நடக்கும். வேலை வந்தால் வாடகை ஏறும். இப்போது திருநின்றவூரில் வாடகைக்கு இருக்கிறவர்களிடமிருந்து, ‘புட்லூரில் அரை கிரவுண்ட் பார்த்திருக்கிறோம், வாங்கலாமா’ என்று கடிதம் வரும். வரட்டும், பதில் எழுதுகிறேன். அதற்குள் புட்லூர் ஏரியின் கலங்கல் எந்தப் பக்கம், உபரி நீர் எந்த வழியாகப் போகிறது என்பதைக் காகிதத்தில் போட்டு வைத்துவிட்டால் பதில் எழுதச் சுலபமாக இருக்கும்.

அதற்கு உங்கள் உதவி வேண்டும். அன்னனூரிலிருந்து திருவள்ளூர் வரை எந்தத் தெருவில் இருந்தாலும் சரி, உங்கள் தெருவில் 2015, 2021, 2023 மழைகளில் தண்ணீர் எதுவரை வந்தது, எத்தனை நாள் நின்றது, எந்தப் பக்கம் வடிந்தது என்று ஒரு தபால் அட்டையில் எழுதி அனுப்புங்கள். வீட்டு நம்பர் வேண்டாம், தெருப் பெயரும் பக்கத்தில் இருக்கிற ஏரியின் பெயரும் போதும். பழைய கால்வாய் எங்கே ஓடியது என்று தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களைக் கேட்டு இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். வந்தவற்றை ஸ்டேஷன் வாரியாகத் தொகுத்து, மழைக்கால இதழில் படமாகவே போடுகிறோம். நகராட்சிக்கும் ஒரு பிரதி போகும்.

அன்புடன்,
ஆசிரியர்